பழைய டிராக்ஸ்டர் மாடலுக்கு எந்தக் குரோம்?

1960களின் டிராக்ஸ்டர், அதாவது நேர்கோட்டில் குறுந்தூரம் சீறும் டிராக் ரேஸ் கார். அதன் பிளாஸ்டிக் மாடல் கிட் எதைப் பிரித்தாலும், ஒரு ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) முழுக்கக் கண்ணாடி போல மின்னும். வால்வு மூடி, ப்ளோயர் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), முன் அச்சு, புகைக்குழாய், சக்கரம், எரிபொருள் தொட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே பளபளப்பு. நிஜ வண்டி அப்படி இல்லை. ஜி.எம்.சி. டீசல் என்ஜினிலிருந்து கழற்றி மாட்டிய 6-71 ப்ளோயரின் கூடு வார்ப்பு அலுமினியம். முன்பக்கம் உட்காரும் ‘மூன்’ நிறுவன எரிபொருள் தொட்டியும் அலுமினியம்தான். ஹாலிபிராண்ட் நிறுவனப் பின்சக்கரம் மக்னீசியம். மங்கலான சாம்பல் நிறம். குரோம் முலாம் பெரும்பாலும் முன் அச்சிலும் ஸ்டீயரிங் கம்பிகளிலும் வால்வு மூடிகளிலும் சில வண்டிகளின் புகைக்குழாய்களிலும் இருந்தது. அந்தக் காலப் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது குரோம், எது அலுமினியம் என்று முதலில் பிரித்துவிட்டால், பாதிப் பாகங்களுக்குக் குரோம் வழியே தேவைப்படாது. மிச்சப் பாகங்களுக்குத்தான் இந்த ஒப்பீடு.

கிட்டோடு வரும் முலாம் வெற்றிடத்தில் அலுமினிய ஆவியைப் படியவைத்துச் செய்தது. அடியில் ஒரு லேக்கர் (வார்னிஷ் போன்ற பூச்சு), மேலே இன்னொரு லேக்கர். பளபளப்பில் இதை மிஞ்சுவது கடினம், செலவும் இல்லை. ஆனால் இதில் பாகத்தை வார்த்த அச்சு விட்ட கோட்டைத் தேய்த்து எடுக்க முடியாது. தேய்த்தால் பிளாஸ்டிக் தெரியும். ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய இடத்திலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். இரண்டு பாதியாக வரும் ப்ளோயரை ஒட்டினால் நடுவில் கோடு அப்படியே இருக்கும். டிராக் ரேஸர் டாமி ஐவோவின் ‘ஷோபோட்’ கிட்டில் நான்கு ப்யூக் வி8 என்ஜின்கள், 32 புகைக்குழாய்கள். அங்கே இந்தக் குறை நான்கு மடங்காகும். என் கணிப்பில், ஒரே துண்டாக வரும் முன்சக்கரத்துக்கு மட்டும் கிட் குரோம் போதும். அதிலும் பளபளப்பு அதிகம் என்று பட்டால் மேட் கிளியர் (மினுக்கில்லாத நிறமற்ற பூச்சு) ஒரு மெல்லிய கோட், கம்பிகளின் இடுக்கில் நீர்க்கக் கலந்த கருப்பு. அவ்வளவே.

மற்றதை உரித்துவிடலாம். வீட்டு ப்ளீச்சில் (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஊறவைத்தால் அலுமினியப் படலம் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கரைந்துவிடும். அடி லேக்கர் போகாது. அதற்குக் காஸ்டிக் கலந்த டீகிரீசரில் இரவு முழுக்க ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்க்க வேண்டும். இதைச் செய்யாமல் பெயின்ட் அடித்தால் நுண்ணிய போல்ட்டும் விலாக்கோடும் லேக்கரில் மூழ்கியே இருக்கும். கையுறை கட்டாயம். ப்ளீச் இருக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் கழிப்பறை ஆசிட்டைக் கொண்டுவரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. ப்ளீச்சிலிருந்து டீகிரீசருக்கு மாற்றும் முன்பும் நன்றாகத் தண்ணீரில் அலசுங்கள்.

உரித்த பாகத்துக்கு ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் நாடுவது ஆல்கிளாட் என்ற குரோம் பெயின்ட். இதில் குரோம் பெயின்டைவிட அடியில் இருக்கும் கருப்புதான் முக்கியம். பளபளப்பான கருப்பு வழவழவென்று படிந்து, ஒன்றிரண்டு நாள் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். கருப்பில் விழுந்த ஒரு தூசி குரோமில் பத்து மடங்காகத் தெரியும். ஈரப்பதம் மிகுந்த நாளில் லேக்கர் கருப்பு வெளிறிப் போகும். மழை நாளில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. பிறகு 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 5 முதல் 7 செ.மீ. தூரத்திலிருந்து மூச்சுக்காற்று போல மெல்லிய கோட்டுகள். கருப்பு குரோமாக மாறும் கணத்திலேயே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று அடித்தால் வெறும் சில்வர் பெயின்டாகிவிடும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். விரல் பட்டால் தேய்ந்துபோகும் என்பதும் இதன் குறை. அதனால் பாகத்தை ஒரு குச்சியில் மாட்டியே அடித்து, குச்சியைப் பிடித்தே பொருத்த வேண்டும்.

மோலோடோ குரோம் பேனா இதற்கு நேர் எதிர். ஏர்பிரஷ் வேண்டாம், கருப்பு வேண்டாம், கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும். வால்வு மூடியின் விளிம்பு, கேஜ் வளையம், கிட் குரோமில் விழுந்த தழும்பு ஆகியவற்றுக்கு 1 மி.மீ. முனை அருமை. பெரிய தட்டைப் பரப்பில் முனையின் தடம் தெரியும். அங்கே ரீஃபில் மையை ஏர்பிரஷில் ஊற்றி அடிக்கலாம். ஆனால் தொடும்போது காய்ந்தது போல இருந்தாலும் நாள்கணக்கில் மென்மையாகவே இருக்கும். கைரேகை பதிந்தால் போகாது. மேலே கிளியர் அடித்தால் மினுக்கு குறைந்து வெறும் அலுமினியம் போலாகிவிடும். ஆல்கஹால் கலந்த வாஷ் (இடுக்கில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) பட்டால் கரையும். இது எல்லா வேலையும் முடிந்த பின் கடைசியில் தொடவேண்டிய பேனா.

ஒட்டும் ஃபாயில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1941 வில்லிஸ் கேஸர் (சாலைக் காரை மாற்றிச் செய்த டிராக் ரேஸ் கார்) போன்ற முழு பாடி வண்டிகளில் கண்ணாடிச் சட்டத்துக்கும் பக்கவாட்டுப் பட்டைகளுக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. புது பிளேடில் வெட்டி, பல்குச்சியால் அழுத்தினால் போதும். இரண்டு திசையிலும் வளைந்த பரப்பில் சுருங்கும். வெறும் சட்டகம் தெரியும் டிராக்ஸ்டரில் அதற்கு வேலையே குறைவு.

குழாய் வடிவமான எல்லாவற்றுக்கும் என் ஓட்டு நிஜ உலோகத்துக்கே. கணக்கும் எளிது. 1¾ அங்குலப் புகைக்குழாய் 44.5 மி.மீ.; 1/25 அளவு மாடலில் 1.8 மி.மீ. அந்தத் தடிமனில் ஈயக் கம்பி வாங்கி, கிட்டின் குழாய் மேல் வைத்தே வளைத்தால் எட்டும் ஒரே வளைவில் வரும். அலுமினியக் குழாயை வளைத்தால் நசுங்கும், ஈயம் நசுங்காது. நுனியில் 1.2 மி.மீ. டிரில்லைக் கையால் சுழற்றினால் வாய் திறக்கும். மெட்டல் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால் நல்ல மினுக்கு வரும், நாளடைவில் சற்று மங்கும். உண்மையான சூட்டுக் குழாயும் அப்படித்தான். நேரான முன் அச்சுக்கும் ஸ்டீயரிங் கம்பிக்கும் 1.6 மி.மீ., 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. பிளாஸ்டிக் அச்சு வண்டியின் எடையில் மெல்ல வளையும், ஸ்டீல் வளையாது.

பசை விஷயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பிரச்சினை. பிளாஸ்டிக் சிமென்ட் முலாமிலோ உலோகத்திலோ பிடிக்காது. ஒட்டும் இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டிவிடுங்கள், அல்லது பெயின்ட் அடிக்கும் முன் அங்கே டேப் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூவின் ஆவி பக்கத்துக் குரோமில் வெள்ளையாகப் படியும். 5 நிமிட எபாக்ஸியை ஊசி முனையில் தொட்டு வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.