மண்டபம் கழுவ 'மொத்த ரேட்' பேசுகிறவர்கள் கவனத்துக்கு

கல்யாண மண்டபம், கன்வென்ஷன் ஹால் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். விசேஷம் முடிந்ததும் ஹால், டைனிங், சமையல்கட்டு, டாய்லெட், குப்பை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ரேட் என்று எங்கள் மண்டபத்துக்கு ஒரு க்ளீனிங் காண்ட்ராக்டர் வந்தார். மறுநாள் காலையிலேயே அடுத்த முகூர்த்தம். ராத்திரிக்குள் முடித்துக் கொடுத்தார்கள், தரை பளிச்சென்றுதான் இருந்தது. ஈரம் காய்ந்த பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது.

வாசல் மார்பிளில் மாப் போன தடம் வளைவு வளைவாக மங்கிக் கிடந்தது. நேராக நின்று பார்த்தால் தெரியாது. டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் பளபளப்பு எங்கே போயிருக்கிறது என்று தெரியும். டைனிங் ஹால் டைல்ஸ் இடுக்கில் விரலால் தேய்த்தால் சிமென்ட் மணலாக உதிர்ந்தது. சில நாளில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மேசைக் கால்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன.

காரணம் ஆசிட். கேனில் ஒட்டியிருந்தது ஏதோ 'ஃப்ளோர் க்ளீனர்' ஸ்டிக்கர், உள்ளே தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். ஆசிட் பட்டால் மேல்பரப்பையே அரித்துவிடும். அது கறை இல்லை என்பதால் எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது, டைமண்ட் பேட் (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு) போட்டுத் தேய்த்து மறுபடி பாலிஷ் பிடிக்க வேண்டும். கிரானைட் பெரும்பாலும் தாங்கும், அதன் இடுக்கில் இருக்கும் சிமென்ட் தாங்காது. எஸ்.எஸ்.ஸில் புள்ளி விழ ஆசிட் நேரடியாகப் படக்கூட வேண்டாம். மூடாத கேனைப் பாத்திர அறையில் வைத்தால் அந்தப் புகையே போதும்.

அப்புறம் ஏன் ஆசிட் ஊற்றுகிறார்கள்? மஞ்சள் கறைக்கு அது கண்கட்டு வித்தை. சாம்பார் சிந்திய இடத்தில் காரத்தன்மை உள்ள சோப்புத் தண்ணீர் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும் (ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் இதே சங்கதிதான்). அதன்மேல் ஆசிட் பட்டால் சிவப்பு மறைந்து வெளிர் மஞ்சளாகிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் கறை போனது போலத்தான் இருக்கும். அடுத்த முறை சோப்புப் போட்டதும் அதே இடம் மறுபடி சிவக்கும். கறை போக வேண்டுமென்றால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த டிஷ்யூவைக் கறைமேல் போட்டுவைக்க வேண்டும். எதற்கும் முதலில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

கேனில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க லேப் வேண்டாம். உடைந்த மார்பிள் துண்டு ஒன்றை ஆபீசில் வைத்திருங்கள். அதில் நாலு சொட்டு விடுங்கள், நுரைத்துப் பொங்கினால் ஆசிட். பி.எச். பேப்பர் (7க்குக் கீழே காட்டினால் அமிலம், மேலே காட்டினால் காரம்) இருந்தால் இன்னும் நல்லது. மார்பிள் தரைக்கு 7, 8 காட்டும் திரவம் போதும். சமையல்கட்டுப் பிசுக்குக்கு 11, 12 காட்டும் டீகிரீசர் வேண்டும். டாய்லெட்டில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட விடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் இல்லாத டாய்லெட்டில் ஆள் மயங்கி விழுவார்.

வந்ததும் ஹோஸ் பைப்பைத் திறக்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். முதல் வேலை ஈரமில்லாமல் கூட்டுவது. மேடையில் வெடித்த கலர் பேப்பரில் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கி மார்பிள் குடித்துவிடும். அட்சதை அரிசி, பூ இதழ், இலைக் கிழிசல் எல்லாவற்றையும் அள்ளிய பிறகு, தரை வடிகால் வாயில் சல்லடை போட்டுத்தான் தண்ணீர். டெகரேஷன்காரர் விட்டுப்போன ஆணி, ஸ்டேப்ளர் பின்னைத் தரை தேய்க்கும் மெஷின் ஓட்டுவதற்கு முன்பே பொறுக்க வேண்டும். பேடில் ஒரு பின் சிக்கினால் போதும், தரை முழுக்கக் கோடு. பேட் நிறத்தையும் பாருங்கள். சாதாரணக் கழுவலுக்குச் சிவப்பு, கறுப்புப் பேட் பழைய கோட்டிங்கை உரிக்க மட்டும். எங்கள் மார்பிளில் ஓடியது கறுப்பு.

சமையல்கட்டில் டீகிரீசரை ஊற்றி சுமார் 10 நிமிடம் ஊறவிட வேண்டும், காயவிடக் கூடாது. தேய்த்து, அழுக்குத் தண்ணீரை வைப்பரால் வழித்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலச வேண்டும். அவசரத்தில் அலசாமல் விடுவார்கள். மறுநாள் பந்திக்கு வாளி தூக்கி வருகிறவர் அதில்தான் வழுக்குவார்.

ஆள் கணக்கிலும் கை வைத்தார்கள். பேசியது 16 பேர், உள்ளே வந்தது 9. மொத்த ரேட் என்பதால் "வேலை முடிந்ததா இல்லையா?" என்று கேட்டு வாயை அடைத்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் சதுர அடி, ஆள், மெஷின், கெமிக்கல் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், கேட்டிலேயே தலை எண்ணுங்கள்.

குப்பை விஷயம் இன்னும் மோசம். தண்ணீர் பாட்டில்களைப் பழைய சாமான் கடைக்கு எடுத்துக்கொண்டு, எச்சில் இலையையும் மீதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போனார்கள். மூட்டைக்குள் மண்டபப் பெயர் போட்ட அழைப்பிதழ் இருந்தால் அபராதச் சீட்டு யார் வாசலுக்கு வரும்? நமக்குத்தான். நாளுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்களைத் தனி வகையாக வைத்து, பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை அந்த இடத்தின் மீதே 2016 திடக்கழிவு விதிகள் போட்டன. இலையும் சோறும் ஒரு தொட்டி, பாட்டில் ஒன்று, பூ ஒன்று என்று பந்தி நடக்கும்போதே பிரித்துவிட வேண்டும். வண்டி எண்ணையும் இறக்கிய இடத்தின் ரசீதையும் வாங்காமல் விடாதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கேட்டரிங்காரர் அதை விரித்திருந்தால் அன்றே ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

செப்டிக் டேங்க் நிரம்பியதும் "ஆளை இறக்கி எடுத்துவிடலாம்" என்றார்கள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றம், ஆள் வைத்தவரும் மாட்டுவார். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். லைசென்ஸ் உள்ள உறிஞ்சு லாரியைக் கூப்பிடுங்கள், தாமதமானால் ஆகட்டும்.

பணத்தில் பாதியைத் தரை முழுதும் காய்ந்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே கொடுங்கள். இவர்களுக்கு அப்படி நிறுத்திய பாதி எங்களிடம்தான் இருக்கிறது. மார்பிளை மறுபடி பாலிஷ் பிடித்த பில் அதைவிட அதிகம். நகலை அனுப்பிய பிறகு அவர்களிடமிருந்து ஃபோன் வரவில்லை.