சாலை நிரப்பலுக்கு அனல்மின் நிலையச் சாம்பல்: பயன்படுத்திப் பார்த்தபின்

சேலம் மாவட்டத்தில், தாழ்வான நிலத்தில் அமைந்த ஒரு மனைப்பிரிவின் உள்சாலையை உயர்த்த, கிராவல் மண்ணுக்குப் பதிலாக மேட்டூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலைப் பயன்படுத்தினோம். மண்ணைவிட எடை குறைவு என்பதால், அடியில் இருந்த களிமண் தரை அதிகம் அமிழாமல் தாங்கியது. இதுவே இதன் முதன்மையான சிறப்பு. கெட்டிப்படுத்துவதும் எளிதே, ஆனால் ஈரப்பதம் சரியாக இருக்க வேண்டும்: காய்ந்தால் பறக்கிறது, நீர் மிகுந்தால் ரோலருக்கு அடியில் குழைகிறது. வழங்கியவர் லாரியைத் தார்ப்பாயால் மூடாமல் அனுப்பியதால், பக்கத்து வீட்டுக் கொடித் துணிகளெல்லாம் சாம்பல் நிறமாகி, நாங்கள் வாங்கிய வசவு தனிக்கதை.

சாம்பலுக்கு மண்ணைப் போன்ற ஒட்டும் தன்மை இல்லை. ஆகவே, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ், சாலை மேடுகளில் சாம்பலைப் பயன்படுத்துவது பற்றி 2001இல் வெளியிட்ட எஸ்.பி. 58 வழிகாட்டி சொல்வதுபோல், பக்கச் சரிவுகளை நல்ல மண்ணால் மூடுவது கட்டாயம். நாங்கள் மூடாமல் விட்ட சிறு பகுதியை ஒரே மழை அரித்துச் சென்றது. மூடிய பகுதியில் இரண்டு மழைக்காலம் கடந்தும் பள்ளமில்லை. பொருளின் விலை அற்பமே, லாரி வாடகைதான் செலவு. ஆகவே அனல்மின் நிலையம் அருகில் இருப்பவர்களுக்கே பரிந்துரைப்பேன்.