டியர்பார்ன் ஃபோர்டு மியூசியம்: கிளாராம்மாவோட கரன்ட் காருக்காகவே போங்க

போன மாசம் அம்மாவைக் கூட்டிட்டு மிச்சிகன்ல டியர்பார்ன்ல இருக்குற ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்குப் போயிருந்தேன். உள்ள போனதும் எல்லாரும் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டப்போ போன கார், வெள்ளைக்காரருக்கு சீட்டை விட மாட்டேன்னு ரோசா பார்க்ஸ் உக்காந்த பஸ்னு தான் ஓடுறாங்க, அதெல்லாம் கண்டிப்பா பாக்கணும், ஆனா நான் அரைமணி நேரமா நகராம நின்னது 1914 டெட்ராய்ட் எலக்ட்ரிக் முன்னாடி தான். ஊர் பூரா பெட்ரோல் கார் வித்த ஹென்றி ஃபோர்டோட சம்சாரம் கிளாரா ஓட்டுனது இந்த பேட்டரி கார்!

பாக்க கண்ணாடி போட்ட குட்டி ரூமுக்கு சக்கரம் மாட்டுன மாதிரி உசரமா இருக்கு. ஸ்டியரிங் வட்டம் கிடையாது, ஒரு நீளக் கம்பி, அத தள்ளுனா ஒரு பக்கம் இழுத்தா ஒரு பக்கம் வண்டி திரும்பும், ஸ்பீடுக்கு தனியா ஒரு குட்டைக் கம்பி, கிளட்ச்சும் இல்ல ஒண்ணும் இல்ல. ஓட்டுறவங்க சீட்டு பின்னாடி, கூட வர்றவங்களோட பேசிக்கிட்டே போகலாம், எவ்ளோ யோசிச்சு செஞ்சிருக்காங்க பாருங்க. அப்போ பெட்ரோல் வண்டின்னா முன்னாடி நின்னு கைப்பிடிய சுத்தி ஸ்டார்ட் பண்ணணும், இன்ஜின் திருப்பி உதைச்சா மணிக்கட்டு உடஞ்சிரும். இத சொன்னதும் அம்மா "இதுன்னா நானே கடைக்கு ஓட்டிட்டுப் போயிருப்பேன்டா"ன்னாங்க, அவங்க சைக்கிள் கூட ஓட்டுனதில்ல.

ஒரு சார்ஜுக்கு சுமார் 80 மைல், வேகம் மணிக்கு 20, 25 மைல், டவுனுக்குள்ள சுத்த தாராளம். 1900 வாக்குல அமெரிக்கால செஞ்ச 4,192 கார்ல 1,575 எலக்ட்ரிக், பெட்ரோல் வெறும் 936 தான், மிச்சம் நீராவி!

குறைன்னா விலை தான். 1912-ல எலக்ட்ரிக் ரோட்ஸ்டர் (ரெண்டு சீட்டு திறந்த கார்) 1,750 டாலர், பெட்ரோல் கார் 650 டாலருக்கே கிடைச்சிருக்கு, அதே வருஷ காடிலாக் கார்ல இன்ஜினியர் கெட்டரிங் செஞ்ச செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்துருச்சு, கைப்பிடி சுத்துற தொல்லையே போச்சு, கிராமத்துப் பக்கம் கரன்ட்டும் கிடையாது, அப்புறம் யார் வாங்குவா. எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருந்துச்சு, நல்ல வண்டி.

கூட்டம் சேர்றதுக்குள்ள காலைலயே போயிருங்க, பக்கவாட்டு ஜன்னல் வழியா குனிஞ்சு பாத்தா அந்தக் கம்பி தெரியும். அங்கேயே ஜெனரல் மோட்டார்ஸோட 1997 எலக்ட்ரிக் கார் ஈவி1-உம் இருக்கு, அதையும் விட்றாதீங்க. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.