கடையில் கொடுத்த ராட்செட் கம்பெனிக்குப் போகவே இல்லை

பாக்ஸ் ஸ்பேனர் செட், அதை மாட்டி போல்ட்டைத் திருப்புகிற ராட்செட் கைப்பிடி வாங்கப்போகிற மெக்கானிக் நண்பர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். "லைஃப்டைம் வாரண்டி, உடைஞ்சா கொண்டு வாங்க, மாத்திக் கொடுத்துடுவோம்" என்று கல்லாவில் சொன்னதை நம்பித்தான் நானும் வாங்கினேன்.

பாரிமுனைப் பக்கம் பெரிய டூல்ஸ் கடை. அரை இஞ்ச் டிரைவ் செட். பெயர் பெற்ற கம்பெனிதான். ராட்செட்டில் 72 பல், 5 டிகிரி திரும்பினாலே அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும், இடுக்கில் வேலை பார்க்க அவ்வளவு வசதி. வருஷம் திரும்புவதற்குள் உள்ளே பல் வழுக்க ஆரம்பித்தது. இறுகின போல்ட்டை முழு பலத்தோடு இழுக்கும்போது ராட்செட் வழுக்கினால் விரல் முட்டி நேராகச் சேசிஸில் போய் இடிக்கும். கைப்பிடியில் பைப் மாட்டி நான் இழுத்ததில்லை, சுத்தியல் பட்டதில்லை. வாரண்டியைத் தட்டிக்கழிக்க முதலில் தேடுவது அந்தத் தடயங்களைத்தான். என்னுடையதில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு பொருளோடு கலந்துவிடக் கூடாதென்று ராட்செட் தலையில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, பெயரும் போன் நம்பரும் எழுதியிருந்தேன். ரசீது கேட்டதற்கு, "நம்ம கடைதானே தம்பி, எதுக்கு ரசீது?" என்றார். அப்புறம் எப்போது கேட்டாலும் "கம்பெனிக்கு அனுப்பியிருக்கு" என்பதுதான் பதில். கடைசியில் கூப்பிட்டு, "மிஸ்யூஸ்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார்கள். எழுத்தில் ஒரு வரி கிடையாது.

டேப் அப்படியே இருந்தது. நான் மடித்து ஒட்டின நுனிகூடப் பிரியவில்லை. மூடியின் ஸ்குரூ அந்த டேப்புக்கு அடியில் இருக்கிறது. அதைக் கழற்றாமல் உள்ளே பல் எப்படிப் போனது என்று யார் பார்த்திருக்க முடியும்? கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். அந்தக் கடையிலிருந்து அப்படி ஒரு பொருள் வரவே இல்லை என்றார்கள்.

சரி, நேரடியாக அனுப்பலாம் என்றால் பில் தடுத்தது. அதில் "டூல்ஸ் 1 செட்" என்றுதான் இருந்தது, மாடல் நம்பர் இல்லை. மாடல் போட்டு பில் தரச் சொல்லிக் கடைக்குப் போனால், பில்லின் அடியில் அச்சடித்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராததும் அதே கணக்கில்தான் வரும்.

1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். டேப்போடு எடுத்த போட்டோ, பில், போன் செய்த விவரம் எல்லாம் கொடுத்தேன். அதன் பிறகுதான் கம்பெனியே டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் வேறு ராட்செட் அனுப்பியது. கடைக்காரர் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கோபம் அவர்மேல்தான். கம்பெனி மறுத்திருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன், அனுப்பாமலே மறுத்துவிட்டார்கள் என்று சொன்னதை ஏற்க முடியவில்லை.

1915-லும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

வாங்கும்போதே மாடல் நம்பரோடு பில் கேளுங்கள். தெர்மல் பேப்பர் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். வாரண்டிக்குக் கொடுக்கும்போது கடைக்காரர் ரசீது தர மறுத்தால், பொருளை அங்கே வைக்காமல் கம்பெனிக்கே கூரியர் செய்யுங்கள்.

இப்போது ஏதாவது ஒரு கடையில் கொடுத்துவிட்டு, "அனுப்பியிருக்கு" என்ற பதிலோடு காத்திருக்கிறீர்களா? டப்பாவில் கஸ்டமர் கேர் நம்பர் இருக்கும், அச்சடிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பொருள் வந்து சேர்ந்ததா என்று இன்றைக்கே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.