எக்செலா, டேலியா: மொத்த மளிகைக் கடையின் பாக்கிக் கணக்கு

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் எங்களைப் போன்ற கடைகளுக்கு லாபமும் நட்டமும் பாக்கி வசூலில்தான். சரக்கு இன்று மூட்டையோடு போய்விடும். பணம் மூன்று வாரம், சில நேரம் ஒன்றரை மாதம் கழித்துத் துண்டு துண்டாக வரும். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கை நெடுநாள் எக்செலில் வைத்திருந்தோம், இப்போது டேலி என்ற கணக்கு மென்பொருளில் வைக்கிறோம். இரண்டிலும் புழங்கியதை வைத்து எழுதுகிறேன். டேலி பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எக்செலின் வசதிகளை விளக்க வேண்டியதில்லை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, கடைப் பையன்கள் எல்லோருக்கும் ஓரளவு தெரியும், நினைத்த இடத்தில் ஒரு காலம் (நெடுவரிசை) சேர்க்கலாம். டேலியின் ஒற்றைக் கம்ப்யூட்டர் உரிமத்துக்கே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது, அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. செலவை மட்டும் பார்த்தால் எக்செல் ஜெயித்துவிடும்.

எக்செலின் சில்லறைத் தொல்லைகளும் பலருக்குத் தெரிந்தவைதான். எங்கள் சரக்கில் பாதிக்கு, ஜிஎஸ்டி பில்லில் சரக்கின் வகையைக் குறிக்கும் ஹெச்எஸ்என் எண் பூஜ்யத்தில் தொடங்கும்: தேயிலை 0902, மிளகும் வத்தலும் 0904, சீரகம் 0909, மஞ்சள் 0910. ஷீட்டின் சாதாரண செல்லில் (கட்டத்தில்) 0910 என்று அடித்தால் 910 ஆகிவிடும். சப்ளையரின் பில் எண் 5-24 என்றால் அது மே மாதத் தேதியாக மாறி உட்கார்ந்திருக்கும். அப்புறம், சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிடும்போது அந்த பில் எதோடும் பொருந்தாது. சரக்கு லாரிக்கு எடுக்கும் இ-வே பில்லின் 12 இலக்க எண் E+11 என்று வால் முளைத்து நிற்கும். செல்லை முதலிலேயே டெக்ஸ்ட் (எண்ணல்ல, எழுத்து) என்று மாற்றிவிட்டால் இதெல்லாம் வராது. ஆனால் தொகைக் காலத்தையும் யாராவது டெக்ஸ்ட் ஆக்கிவிட்டால் அங்கே வேறு வம்பு. டெக்ஸ்டாக உட்கார்ந்திருக்கும் எண்ணை சம் ஃபார்முலா கூட்டாது, கூட்டவில்லை என்று சொல்லவும் செய்யாது.

பெரிய இடங்களிலேயே இந்த மௌனம் ஆளைக் கவிழ்த்திருக்கிறது. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலில் ஏற்றியது. அந்த வகை ஃபைலில் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. மிச்சம் ஓசையில்லாமல் விழுந்துபோக, 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் வராமல் போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. எங்கள் கடைக்கு 65,536 வரிசை வர நாளாகும். ஆனால் தப்பு நடந்ததும் சத்தம் கேட்காது என்பது சின்னக் கடைக்கும் பொருந்தும்.

இவை எதற்காகவும் நாங்கள் மாறவில்லை. பழகிய ஆள் இருந்தால் இத்தனையையும் சமாளிக்கலாம். எங்களை மாறவைத்தது வேறு: எக்செலில் ஓர் எண்ணை மாற்றினால், மாற்றிய தடம் எதுவும் மிஞ்சாது.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு பார்ட்டியின், அதாவது எங்களிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பவரின், பாக்கி ஷீட்டில் 48,300 ரூபாய் என்று இருந்தது. அந்தத் தொகைக்கே வாட்ஸ்அப்பில் ஸ்டேட்மென்ட் போய், அவரும் கட்டிவிட்டு, கணக்கு முடிந்தது என்றார். பில் கட்டைக் கூட்டினால் 84,300 வருகிறது. இடையில் 36,000 எங்கே போனது? எங்கள் கணக்குப்பிள்ளை பேரேடு எழுதிய காலத்து ஆள். "ஒன்பதால வகுத்துப் பாருங்க தம்பி, மீதியில்லாமப் போனா நம்பர் இடம் மாறியிருக்கும்" என்றார். 36,000 ஒன்பதால் வகுபடுகிறது. 84 என்பதை 48 என்று அடித்திருக்கலாம்.

அடித்திருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். 36,000 ரூபாய் ரொக்கமாக வசூலாகி, யாரோ ரசீது போடாமல் பாக்கியை நேரடியாகக் குறைத்து எழுதியிருந்தாலும் ஷீட்டில் இதே எண்தான் நிற்கும். அந்த ஃபைலை என் தம்பி, கணக்குப்பிள்ளை, லைன் வசூலுக்குப் போகும் பையன், நான் என்று எல்லோரும் திறப்போம். வசூல் பையன் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய சிட்டைகளைப் புரட்டி, பார்ட்டியிடமும் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, எண்தான் இடம் மாறியது என்று முடிவுக்கு வந்தோம். பார்ட்டி நல்லவர், மிச்சத்தையும் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த செல்லை மாற்றியது யார், எப்போது என்பது இன்றுவரை தெரியாது.

டேலியில் இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது என்று சொல்ல வரவில்லை. 84,300-க்கு பதில் 48,300 என்று வவுச்சர் (ஒரு பில்லுக்கோ ரசீதுக்கோ உரிய பதிவு) போட்டால் டேலியும் வாங்கிக்கொள்ளும். பற்றிலும் வரவிலும் ஒரே தப்புத் தொகை ஏறுவதால் இருப்பாய்வும் (பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியல்) அழகாக நேராகிவிடும். இரட்டைப் பதிவு முறை இருப்பதால் தப்பே வராது என்று விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். வித்தியாசம் இரண்டு இடத்தில்தான். முதலாவது, பாக்கி என்ற எண்ணை டேலியில் யாரும் நேரடியாக அடிப்பதில்லை. பில்லும் ரசீதும் சேர்ந்துதான் அது உருவாகிறது, அதைக் குறைக்க ஒரு வவுச்சர் போட்டாக வேண்டும். இரண்டாவது எடிட் லாக். எந்த வவுச்சரை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திருத்தினார்கள், முன்பு என்ன இருந்தது, பிறகு என்ன ஆனது என்று காட்டும். அழித்த வவுச்சரின் தடமும் இருக்கும். சாதாரண டேலி பிரைமில் (டேலியின் இப்போதைய பதிப்பு) இதை நாமே இயக்கலாம், நிறுத்தலாம். எடிட் லாக் பதிப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் நிறுத்தவே முடியாது. நாங்கள் போட்டிருப்பது இரண்டாவது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் கட்டாயம். எங்களைப் போன்ற பார்ட்னர்ஷிப் கடைகளுக்கு அந்த விதி கிடையாது, அதனால் பலர் நமக்கு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 56(8) என்று ஒன்று இருக்கிறது. கணக்கை மின்னணு முறையில் வைத்தால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் லாக் வைக்க வேண்டும் என்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள சின்னக் கடைக்கும் அது உண்டு. எங்களிடம் இதுவரை எந்த அதிகாரியும் கேட்டதில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எக்செலிலும் தடம் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல், ஃபைல் ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) இருந்தால், யார் என்ன மாற்றினார்கள் என்று பார்க்க ஒரு வசதி இருக்கிறது, சரி. அது 60 நாள் வரைதான் காட்டும். ஜிஎஸ்டி கணக்கையோ ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தவிர, கீழமாசி வீதியில் 365-க்கு மாதாமாதம் பணம் கட்டும் கடையை நான் பார்த்ததில்லை, எங்கும் பழைய எக்செல்தான். கூகுள் ஷீட்ஸ் இதைவிடத் தேவலை. ஒரு செல்லின் திருத்த வரலாற்றை அங்கேயே பார்க்கலாம், பழைய பதிப்பையும் மீட்கலாம். ஆனால் வரிசையையே நீக்கினால் அது செல் வரலாற்றில் தெரியாமல் போகலாம். இலவசமாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் இரண்டாவது சிபாரிசு ஷீட்ஸ்தான்.

இனி டேலியின் குறைகள். ஒரு எழுத்தைத் திருத்தவும் நாலு திரை தாண்ட வேண்டும். நமக்கு வேண்டிய மாதிரி ஒரு ரிப்போர்ட் வேண்டுமென்றால் உள்ளூர் டேலி பார்ட்னரைக் கூப்பிட்டுத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், அதற்குத் தனிக் காசு. எல்லாவற்றையும்விட முக்கியம் பாஸ்வேர்டு. பல கடைகளில் ஒரே அட்மின் பெயரில் எல்லோரும் நுழைகிறார்கள். அப்படிச் செய்தால் எடிட் லாக்கில் எல்லாத் திருத்தமும் ஒரே பெயரில் விழும், எக்செலில் இருந்த நிலைமைதான். ஆளுக்கு ஒரு யூசர் போட்டு, பின்தேதியிட்ட வவுச்சர் எத்தனை நாள் வரை போடலாம் என்பதற்கும் வரம்பு வைத்த பிறகுதான் எங்களுக்குப் பலன் தெரிந்தது. முதலில் "எங்களை நம்பலையா அண்ணே" என்ற முணுமுணுப்பு இருந்தது. இப்போது வசூல் பையனே, தன் ரசீது ஏறிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறான்.

இணையத்தில் ஓடும் கணக்கு மென்பொருளான ஜோஹோ புக்ஸை இலவசச் சோதனையில் கொஞ்சம் பார்த்தோம். திரை டேலியைவிட எளிது, போனிலேயே ரசீது போடலாம். எங்கள் குடோனில் நெட் அடிக்கடி போகும் என்பதால் தொடரவில்லை. வருடக் கணக்கில் ஓட்டியவர்கள்தான் அதைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியும்.

எக்செலை நாங்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை. விருதுநகர் விலைக்கும் இங்கத்திய விலைக்கும் லாரி வாடகை சேர்த்து எது கட்டும் என்று பார்ப்பது, தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு இறக்கலாம் என்று கணக்குப் போடுவது எல்லாம் இன்றும் அதில்தான். மறுநாள் அழித்தாலும் யாருக்கும் நட்டமில்லாத கணக்குக்கு அதை மிஞ்சியது கிடையாது.

மாற நினைப்பவர்கள் ஏப்ரல் 1-ஐ ஒட்டி மாறுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பார்ட்டியிடமும் பாக்கி இவ்வளவு என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். தொடக்க நிலுவையை ஒரே தொகையாக ஏற்றாமல் பில் வாரியாக ஏற்றுங்கள். எங்களுக்கு அதிக நேரம் பிடித்த வேலை இதுதான். ஷீட்டும் பார்ட்டியும் வேறு வேறு தொகை சொன்ன இடங்களில் பழைய சிட்டைக் கட்டைத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. அதனால் ஷீட்டை மூடிவிட்டோமே என்று சிட்டைகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.