பாலிஷ் போட்ட டயானா 27-ஐ வாங்கலாமா?

போன வாரம் உத்தமபாளையத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, குமுளியில ஒரு டயானா 27 ஏர் துப்பாக்கி விலைக்கு வந்திருக்கு. கட்டை கண்ணாடி மாதிரி மினுங்குது. குழல் கன்னங்கரேல்னு புதுசாட்டம் இருக்கு. நீங்க ஏழு வருஷமா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?"

'கண்ணாடி மாதிரி' என்று கேட்டதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பி மேல் ஒன்றும் இல்லை. என் துப்பாக்கியும் அப்படித்தான் மினுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. போனில் இரண்டு வார்த்தையில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற ஏர் ரைபிள். என்னுடையது 0.177 அங்குல அளவுக் குழல், ரவையின் ஆற்றல் 20 ஜூலுக்கு வெகுவாகக் கீழே. லைசென்ஸ் தேவைப்படாத வகை. வண்டன்மேடு போகிற வழியில் இருக்கிற எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டில், முற்றத்தில் வைத்து அட்டையிலும் தகர டப்பாவிலும் மட்டும் சுடுகிறேன். பறவை மேல் குறி வைத்ததில்லை. சரணாலய எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. அனுமதி இல்லாமல் அதற்குள் இதை எடுத்துப் போவது குற்றம். வாங்குகிறவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மினுமினுப்பு.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கட்டையை மெஷின் போட்டுத் தேய்த்திருந்தார். அதன் மேல் ரோஸ்வுட் கலர், அதற்கும் மேல் சாப்பாட்டு மேசைக்கு அடிக்கிற மாதிரி கனமான பாலிஷ். உலோகப் பகுதியைப் பஃப் சக்கரத்தில் வைத்து மெருகேற்றி, கறுப்பு எனாமல் பெயின்ட்டை ஸ்பிரே அடித்திருந்தார். வாங்கும்போது நானும் அந்த அழகில்தான் விழுந்தேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள், குழலில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் கீறினேன். உள்ளே செம்மண் நிறத்தில் ஈரத் துரு. பெயின்ட்டுக்கு அடியில் அது பாட்டுக்கு இரும்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

அப்புறம்தான் எல்லாவற்றையும் உரிப்பது என்று முடிவு செய்தேன். பெயின்ட் ரிமூவர் தடவி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துத் தேய்த்து, மூன்று நாள் ஆயிற்று. உப்புத்தாளை மட்டும் கையில் எடுக்கவே இல்லை. ரோஸ்வுட் கலர் போனதும் அடியில் இருந்த பீச் (beech) மரம் தெரிந்தது. வெளிர் நிறம், அதில் எள் தூவின மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். இவ்வளவு நல்ல மரத்தையா மூடி வைத்தார் என்று இருந்தது.

ஆனால் போனது போனதுதான். கட்டையின் முன்பக்கத்தில் இரும்பும் மரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டிய இடத்தில், மரம் ஒரு நகக்கனம் உள்ளே போயிருக்கிறது. ஸ்குரூத் தலைகள் மரத்துக்கு மேலே துருத்தி நிற்கின்றன. கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று உருண்டுவிட்டன. மரம் அமுங்கியிருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து ஆவியில் எழுப்பிவிடலாம். நான் அப்படி நாலைந்து பள்ளங்களை எழுப்பினேன். தேய்த்துப் பொடியாகக் கொட்டிவிட்ட மரத்தை எந்த ஆவியில் எழுப்புவது?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் 1890-ல் தொடங்கிய கம்பெனி இது. டயானா என்பது ரோமானியர்களின் வேட்டைத் தெய்வம். அவள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருப்பாள், வில்லும் அம்பும் காலடியில் கிடக்கும். அதுதான் முத்திரை. பெயின்ட்டை உரித்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு கால்கள் தெரிந்தன, கீழே கிடக்கிற வில் தெரிந்தது. இடுப்புக்கு மேலே ஒன்றுமே இல்லை. பஃப் சக்கரம் வழித்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் தயாரித்த மாதமும் வருடமும் சின்ன எண்களில் குத்தியிருப்பார்கள். அதில் 7 மட்டும் மிச்சம். எழுபதுகளில் வந்தது என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது, இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம் கிடைத்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

குழலுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க மனம் வரவில்லை. பழைய கால முறைப்படி துருப் பிடிக்க வைத்தே கறுப்பாக்கலாம் என்று படித்திருந்தேன். இரும்பில் எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இல்லாமல் துடைத்து, மெல்லிய நவச்சாரக் கரைசலை ஒரே சீராகத் தடவித் தொங்க விட வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதே நவச்சாரம்தான். மேலே செந்துரு பூத்ததும் கொதிக்கிற தண்ணீரில் முக்கினால் செந்துரு கருந்துருவாக மாறும். மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் (இரும்பு நாரால்) மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, மறுபடி தடவ வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கறுப்பு ஏறும்.

மற்ற இடங்களில் இதைச் செய்கிறவர்கள் ஈரப்பதத்துக்காகத் தனியாகப் பெட்டி கட்டுவார்களாம். எங்களுக்கு எதற்குப் பெட்டி? ஆடி மாதம், சாரல் நிற்காத வாரம். ராத்திரி பின்தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் குழல் முழுக்க மஞ்சள் பொடி தூவின மாதிரி மெல்லிய துரு, ஒரு இடம் விடாமல் பூத்திருந்தது. கம்பத்தில் ஒரு தகர வேலைக்காரரிடம் மூன்றரை அடி நீளத்துக்குத் தொட்டி செய்து வாங்கி வந்திருந்தேன். குழலின் இரண்டு பக்கமும் மரக்கட்டையால் அடைத்துவிட்டு, கூரையில் பிடித்த மழைத்தண்ணீரையே கொதிக்க வைத்தேன். போர் தண்ணீர் வேண்டாம், உப்புக் கறை விழும். முக்கின சில நிமிஷத்தில் அந்த மஞ்சள் என் கண் முன்னால் கருத்தது. ஏழு சுற்று, ஏழு நாள். கடைசி நாள் எண்ணெய் போட்டுத் துடைத்ததும், ஈரமான கருங்கல் மாதிரி ஆழமான கறுப்பு, வெளிச்சம் பட்டால் லேசாக நீலம். துரு அரித்த குழிகள் இன்னமும் இருக்கின்றன. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பொட்டுத் துரு ஏறவில்லை. மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு சரி.

கட்டைக்கு அதே மழைதான் எதிரி. லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) மெல்லிசாகத் தேய்த்தால் ஒரு கோட்டு காய ஐந்து நாள் ஆகிறது. எட்டுக் கோட்டு. புரட்டாசி வந்துவிட்டது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள்.

விசை (டிரிக்கர்) விஷயம் சுருக்கமாக. உள்ளே ஒரு உருளையில் மூன்று எஃகுக் குண்டுகள் இருக்கும். பிஸ்டன் தண்டின் பள்ளத்தில் அவை உட்கார்ந்து ஸ்பிரிங்கின் மொத்த பலத்தையும் பிடித்து நிற்கின்றன. கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், குண்டு உருண்டு ஓடும். பழைய ஆள் அதில் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற எண்ணெய், எங்கள் மார்கழிக் குளிரில் என்ன ஆகும்? மரத்தூளும் சேர்ந்து மெழுகாக அடைத்திருந்தது. கழுவிப் போட்ட பிறகு அந்த விசையை இழுப்பது ஒரு சுகம். எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரியும். போன மாதம் ஸ்பிரிங்கும் பிஸ்டனின் தோல் வாஷரும் மாற்றினேன். தோலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் போதும், அதிகமானால் சுடும்போது புகையும் வெடிச் சத்தமும் வரும். இப்போது பத்து மீட்டரில் ஐந்து ரவையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் விழுகின்றன.

பழைய ஆளை முழுக்கத் திட்டவும் முடியவில்லை. ஒரு ஸ்குரூ காணாமல் போகவில்லை. குழலின் உள்பக்கம் சுத்தமாக இருந்தது. அவருக்கும் இந்தத் துப்பாக்கி மேல் ஆசை இருந்திருக்கிறது, அழகு பார்க்க நினைத்திருக்கிறார். இருந்தாலும் கட்டையைத் தோளில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த உருண்ட விளிம்பு கன்னத்தில் படுகிறது. எனக்குப் பழகவே இல்லை.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: அதை வாங்காதே. விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். ஏதாவது எஸ்டேட் பங்களாப் பரணில் ஒட்டடையும் துருவுமாகக் கிடக்கிற ஒன்று கிடைத்தால், மேலே அந்தப் பெண் முழுசாக நிற்கிறாளா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கேட்கிற காசைக் கொடுத்து வாங்கி வா. துருவை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆடி வரை பொறுத்தால் போதும்.

"அப்படின்னா உங்களுதையே குடுத்துடுங்கண்ணே" என்றார். அது முடியாது. சுட்டுப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வரலாம்.