மதுரையிலிருந்து சென்னை சர்வருக்கு, மும்பை வழியாக

சித்தப்பா மகன் புது வீட்டுக்கு நெட் போடுகிறான். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற கனெக்‌ஷனே போடவா? 100 எம்பிபிஎஸ் ஸ்பீட் போதுமா, 300 வேணுமா?" என்று கேட்டான். நான் ஆடும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் தாராளம். பிங், அதாவது நாம் அனுப்பும் தகவல் விளையாட்டை நடத்தும் கம்ப்யூட்டரான சர்வருக்குப் போய்த் திரும்பிவர ஆகும் நேரம், அதுதான் பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டுக்கு மும்பையிலும் சென்னையிலும் சர்வர் இருக்கிறது. ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். மதுரையிலிருந்து சென்னை 450 கிலோமீட்டர் சொச்சம். போய்வர 5 மில்லிசெகண்ட், வழியில் இருக்கும் ரூட்டர்களுக்கும் கேபிளின் வளைவு நெளிவுக்கும் சேர்த்து 14, 15 வந்தால் நியாயம். என் வீட்டில் 58 வருகிறது. மும்பை சர்வருக்கோ 34தான்!

தகவல் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். என் பாக்கெட், அதாவது நான் அனுப்பும் தகவல் துண்டு, மதுரையில் கிளம்பி மும்பை போய், அங்கிருந்து சென்னைக்குத் திரும்பி வருகிறது. இன்டர்நெட் கம்பெனியின் நெட்வொர்க்கும் கேம் நெட்வொர்க்கும் மும்பையில்தான் கைகோத்துக்கொள்கின்றன. இதைவிட எரிச்சல், இதே இணைப்பில் சிங்கப்பூர் சர்வருக்கு 52 வருவது. அந்தப் பாக்கெட் சென்னையில் கடலடி கேபிள் ஏறித்தான் போகிறது. சென்னையைத் தாண்டிக் கடல் கடந்து சிங்கப்பூர் போய்வருவது, சென்னைக்கே போய்வருவதைவிடச் சீக்கிரமாக முடிகிறது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆட்டத்தில் இது நன்றாகவே உறைக்கும். சர்வர் நொடிக்கு 64 முறை கணக்குப் பார்க்கிறது, அந்த ஒரு முறைக்குப் பெயர் டிக், சுமார் 15.6 மில்லிசெகண்ட். வீணாகும் 40 சொச்சம் கிட்டத்தட்ட மூன்று டிக். மூலையில் காத்திருக்கும்போது, பாய்ந்து வருகிறவன் என் திரையில் தெரிவதற்குள் அவன் திரையில் நான் தெரிந்துவிடுகிறேன். சுவருக்குப் பின்னால் ஒதுங்கின பிறகும் சாகிறேன்.

புகார் கொடுத்தால் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். அதில் பிங் 4 என்று வரும், ஏனென்றால் டெஸ்ட் சர்வர் அவர்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கிறது. "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று புகாரை மூடிவிடுவார்கள். ஒரே ஒரு இன்ஜினியர் மட்டும் ட்ரேஸ்ரூட்டை முழுசாகப் படித்துப் புரிந்துகொண்டு ரூட்டை மாற்ற வைத்தார். அதற்கப்புறம் சில வாரங்கள் 14! அந்த வாரங்களில் ஆடியது வேறு ஆட்டம், குறி வைத்த இடத்திலேயே குண்டு பாய்ந்தது. அப்புறம் எங்கோ கேபிள் அறுந்து, சரிசெய்த மறுநாளே பழையபடி மும்பை வழி. இன்று வரை மாறவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த இணைப்பு அறுவது அபூர்வம். அறுந்தாலும் அன்றைக்கே ஆள் வந்துவிடுகிறார். மழைக்காலத்திலும் வீட்டில் எல்லோருக்கும் படம், வீடியோ கால் எதுவும் தடைபட்டதில்லை. விலையும் சமீபத்தில் குறைந்திருக்கிறது. அப்பாவிடம் கேட்டால் பத்துக்குப் பத்து கொடுப்பார்.

தம்பி, நீ இதைப் போடாதே. சந்தா முடிந்ததும் நானும் மாறுகிறேன். புது இடத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால், உன் தெருவில் அந்த இணைப்பு வைத்திருப்பவர் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குச் சென்னை சர்வரின் பிங் எவ்வளவு வருகிறது என்று பார். இருபதுக்குள் இருந்தால் 100 எம்பிபிஎஸ் பிளானே போடு.